பட்டமும் பக்குவமும்

மேனாட்டார் 'சைக்காலஜி' என வழங்கும் கலைக்குத் தமிழில் உளநூல் என்று பெயர். அச்சொல், யவன மொழியில் மூச்சையும் உயிரையும் ஒருங்கே குறிக்கும் 'சைக்கீ' என்பதும், உரையையும் ஆராய்ச்சியையும் குறிக்கும் 'லோகோஸ்' என்பதும் கூடிப் பிறந்தது. ஆகவே சொல்லளவில் நோக்கின் அஃது உயிர்நூலேயன்றி வேறன்று. ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கலை பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக இடம்பெற முற்பட்டபோது, உயிர் என்னும் பொருளைத் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்திவிட்டே உள்ளே புகுந்தது. பின்னர் ஒரு நூற்றாண்டு கழியுமுன், அப்பொருளே 'ஆன்மிகம்' எனவும், 'ஆளுமை வளர்ச்சி' எனவும் புதுப்பெயர்கள் பூண்டு மீண்டும் கல்வி நிலையங்களுட் புகுந்து, முதுகலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரிய பாடமாயிற்று.

இம்மாற்றம் பெரும்பாலும் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. அதன் ஊடே நம் நாட்டுப் புதுச்சேரியும் திருவண்ணாமலையும் இடையிடையே தோன்றுகின்றன. நூலறிவை அளந்து பட்டம் நல்கும் ஒரு நிலையம் மாணவன் உள்ளத்தின் பக்குவத்தையும் அளக்க வல்லதோ என்னும் வினாவே இவ்வரலாறு முழுவதும் ஊடுருவி நிற்பது. அவ்வினாவுக்கு அங்குள்ளார் கண்ட விடைகளையும், அவ்விடைகளின் குறை நிறைகளையும் முறையே காண்போர்க்கு, கல்வி என்பதன் எல்லை தெளிவாகப் புலப்படும்.

1. ஆய்வுக்கூடமும் வினாநிரலும்

1879-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்லெம் வுண்ட் என்னும் பேராசிரியர் உளநூலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். ஒளி, ஒலி முதலியன புலன்களைத் தாக்கும்போது எழும் உணர்ச்சிகளின் கால அளவும் வன்மையும் ஆங்கு அளக்கப்பெற்றன. அளத்தற்கு உரியவற்றையே ஆராய்தல் என்னும் இக்கொள்கை உளநூலுக்கு இயற்கை நூல்களோடு ஒத்த மதிப்பை ஈட்டித் தந்தது. அளவைக்கு அகப்படாத உயிரைப் பற்றிய ஆராய்ச்சி தத்துவ நூலாருக்கும் இறையியலாருக்கும் விடப்பட்டது.

அமெரிக்காவில் இக்கலையைப் பரப்பியவருள் ஸ்டான்லி ஹால் தலையாயவர். 1878-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளநூற் பொருளில் முனைவர் பட்டம் பெற்ற அவர், பின்பு கிளார்க் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராயினார். 1892-இல் அமெரிக்க உளநூற் கழகம் தோன்றியபோது அதற்கும் அவரே முதல் தலைவர். இளமையில் இறையியல் பயின்றவராகிய ஹால், சமய வாழ்வையும் உளநூல் முறையால் ஆராயலாம் என்று கருதித் தம் மாணவரை அத்துறையில் ஊக்கினார். 1904-இல் அவ்வாராய்ச்சிக்கெனவே ஓர் இதழையும் தொடங்கினார்.

அம்மாணவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் எட்வின் ஸ்டார்பக். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரிடையே பிறந்த இவர், உள்ளம் திடீரென இறைவழியில் திரும்பும் நிகழ்ச்சியைப் பற்றி வினாநிரல் ஒன்று வகுத்துப் பலர்க்கும் விடுத்து, அவர்தம் விடைகளைத் தொகுத்தார். அத்திருப்பம் பெரும்பாலும் குமரப் பருவத்தே நிகழ்வதென அவ்விடைகளிலிருந்து முடிவு கண்டு, 1899-இல் நூலாக வெளியிட்டார். மற்றொருவர் ஜேம்ஸ் லூபா. இவரும் அதே நிகழ்ச்சியை ஆராய்ந்தவரே. ஆயினும் சமய அனுபவங்களுக்குரிய காரணங்களை உடலிலும் நரம்பிலுமே தேடி, அவற்றுக்கு அப்பால் ஒன்றும் வேண்டா எனக் கொண்டார். ஒரே ஆசிரியரிடத்தே, ஒரே முறையால், ஒரே பொருளை ஆராய்ந்த இருவர் இங்ஙனம் வேறுபட்ட துணிவுகளை எய்தினமை கருதற்பாலது. விடைகளைத் தொகுக்கும் பணியை வினாநிரல் செய்யும். அவற்றின் பொருளைத் துணிதல் ஆராய்வானது நோக்கத்தைப் பொறுத்ததாகவே நின்றது.

2. ஜேம்ஸ் நிகழ்த்திய பேருரைகள்

ஸ்டார்பக்கின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஹார்வர்டுப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் ஆவர். வினாநிரல் முறையில் தமக்குத் தொடக்கத்தே நம்பிக்கை இல்லாதிருந்ததை அவர் அம்முன்னுரையில் மறையாது கூறினார். ஆயினும் ஸ்டார்பக் தொகுத்து வைத்த கையெழுத்துக் குறிப்புகளே ஜேம்ஸ் நிகழ்த்திய புகழ்பெற்ற பேருரைகளுக்கு வேண்டிய சான்றுகளுட் பலவற்றை உதவின.

ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிப்போர்டு அறக்கட்டளையின் சார்பில் 1901, 1902 ஆகிய ஈராண்டுகளில் இருபது உரைகளாக அவை நிகழ்ந்தன. இதயநோயுற்று நெடுநாள் கிடந்த ஜேம்ஸ், குறித்த காலத்துக்குப் பின்னரே அவற்றை நிகழ்த்த இயன்றது. 1902-இல் அவை நூலாயின. திருக்கோயில், குருமார், சமயக் கோட்பாடு என்பனவற்றை ஒருபால் ஒதுக்கி, தனி மனிதர் தம் தனிமையில் எய்தும் அனுபவத்தையே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்.

அந்நூலின் துணிபுகளுள் மூன்று இவ்வரலாற்றுக்கு இன்றியமையாதன.

முதலாவது, ஓர் அனுபவத்தின் பிறப்பிடம் கொண்டு அதன் மதிப்பைத் துணிதல் கூடாது என்பது. அடியார் ஒருவர் கண்ட காட்சியை வலிப்பு நோயின் விளைவு என்று கூறிவிட்டால் அக்காட்சி பொய்யாகிவிடும் என எண்ணுவாரை ஜேம்ஸ் வன்மையாக மறுத்தார். எல்லா எண்ணங்களும் உடலோடு தொடர்புடையனவாதலின், அந்நெறியாற் கொண்டால் மறுப்பவரது மறுப்பும் உடலின் விளைவேயாய் முடியும் அன்றோ? மரத்தைக் கனியால் அறிதல் போல, அனுபவத்தை அதனால் விளையும் ஒழுக்கத்தாலும் வாழ்வாலும் அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

இரண்டாவது, மறைஞான அனுபவத்துக்கு அவர் வகுத்த நான்கு இலக்கணங்கள். அவை, சொல்லால் உணர்த்த இயலாமை, அறிவு விளக்கம் தருதல், நெடிது நில்லாமை, தன் செயல் அற்று வேறோர் ஆற்றலுக்கு ஆட்பட்டிருத்தல் என்பன. இவற்றை விளக்குமிடத்துக் கிறித்தவ அடியார், சூபியர் ஆகியோரோடு நம் நாட்டு யோகநெறியையும் எடுத்துக்காட்டி, விவேகானந்தர் இயற்றிய இராசயோக நூலையும் சான்றாகக் கொண்டார்.

மூன்றாவது, அவர் தம்மைப் பற்றிக் கூறிய ஒரு சொல். இவ்வனுபவங்கள் தம் இயல்புக்கு ஏறக்குறைய முற்றும் எட்டாதன என்றும், பிறர் கூற்றைக் கொண்டே தாம் பேசுவதாகவும் அவர் வெளிப்படையாக உரைத்தார். சமய உளநூலின் தலைசிறந்த நூலை இயற்றியவர் அதன் பொருளைத் தாம் நுகர்ந்தவரல்லர் என்பது இதனால் அறியப்படும். அனுபவமின்றியும் அனுபவத்தைப் பற்றிய ஆராய்ச்சி சிறக்கக்கூடும். ஆயின், ஆராய்ச்சி சிறந்தமையால் அனுபவம் கைவந்தது எனக் கொள்ளுதற்கில்லை. பிற்காலத்தார் பலர் மறந்த இவ்வேறுபாட்டை ஜேம்ஸ் மறந்திலர்.

3. உயிர் புறத்தே நின்ற காலம்

1913-ஆம் ஆண்டில் ஜான் வாட்சன் என்பவர், உளநூல் புறத்தே காணப்படும் நடத்தையையே ஆராய்தல் வேண்டும், உணர்வு என்பதும் அதற்குப் புறம்பே என அறிக்கை விடுத்தார். அதன்பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அக்கொள்கை பல ஆண்டுகள் கோலோச்சியது. உயிருக்கே இடமில்லாத துறையில் உயிரின் அனுபவத்துக்கு இடம் ஏது? ஹால் தொடங்கிய சமய உளநூல் ஆராய்ச்சி படிப்படியாகக் குன்றியது.

அக்காலத்தே அவ்வாராய்ச்சி பல்கலைக்கழகத்தை விட்டு வேறோர் இடத்திற் சென்று வளர்ந்தது. அவ்விடம் மனநோய் மருத்துவமனை. ஆன்ட்டன் பாய்சன் என்னும் கிறித்தவப் போதகர் 1920-ஆம் ஆண்டில் தாமே கொடிய மனக்கலக்கமுற்று மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். நலமுற்று வெளிவந்த அவர், தம் கலக்கத்துக்கும் அடியார் வரலாறுகளிற் கூறப்படும் உள்ளக் கொந்தளிப்புக்கும் உள்ள ஒற்றுமையை ஆராயத் தொடங்கினார். மனக்கலக்கங்களுட் சில, சிதைந்த வாழ்வை உள்ளம் புதிதாகக் கட்டியெழுப்ப முயலும் முயற்சிகளே என்பது அவர் கண்ட முடிவு. அம்முயற்சி வெற்றியுறின் புதுவாழ்வு கிடைக்கும். தோல்வியுறின் நோய் நிலைத்துவிடும்.

மாசச்சூசெட்சு மாநிலத்து வூஸ்டர் மருத்துவமனையில் 1924-இல் போதகராக அமர்ந்த பாய்சன், அடுத்த ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை அழைத்து, நோயாளர் விடுதிகளிற் பணியாளராக அமர்த்திப் பயிற்றினார். ஏடுகளைக் கற்பது போலவே துயருறும் மனிதரையும் ஒவ்வொருவராகக் கற்றல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. மருத்துவமனைகளில் சமயப் பணியாளருக்கு அளிக்கப்பெறும் பயிற்சி இவ்வித்திலிருந்தே தழைத்தது. ஆன்மிகமும் உளநூலும் கூடிய கல்வி என்பது ஏட்டளவில் நில்லாது பிறர் துயரத்தின் அருகே இருந்து பயில வேண்டியது என்னும் உண்மை இங்கு முதன்முதற் செயலுருப் பெற்றது.

4. அருணையும் புதுவையும்

ஐரோப்பாவில் இத்துறைக்கு ஆக்கந் தேடியவர் சுவிட்சர்லாந்து நாட்டுக் கார்ல் யூங். 1937-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளநூலும் சமயமும் பற்றி உரைகள் நிகழ்த்திய அவர், அவ்வாண்டின் இறுதியில் இந்தியா போந்தார். காசி, அலகாபாத், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் அவருக்குச் சிறப்புப் பட்டங்கள் நல்கின. ஆயினும் அப்பயணத்தில் அவர் திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிஷியைக் காணவில்லை. அவரை நன்கறிந்த நண்பர் ஹைன்ரிக் சிம்மர் மகரிஷியைப் பற்றிச் செருமானிய மொழியில் எழுதிய நூல் 1944-இல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை வரைந்த யூங், தாம் சென்று காணாமையை அதன்கண் எடுத்துக் கூறிக் காரணமும் காட்டினார். பட்டம் நல்கிய பல்கலைக்கழகங்களுக்குச் சென்றவர் பக்குவமுடையார் இருந்த இடத்துக்குச் செல்லாது மீண்டமை, அக்காலத்து உளநூல் நின்ற நிலைக்கு ஓர் அடையாளமாகும்.

வேறொருவர் சென்றார். அவர் பிரெடரிக் ஸ்பீகல்பெர்க். 1897-இல் ஹாம்பர்க் நகரிற் பிறந்து, நாட்சியர் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்து, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திற் சமய ஒப்பியல் கற்பித்தவர். 1949-ஆம் ஆண்டில் இந்தியா வந்த அவர், திருவண்ணாமலையில் மகரிஷியையும் புதுச்சேரியில் அரவிந்தரையும் கண்டு சென்றார். 1950-ஆம் ஆண்டு ஏப்ரலில் மகரிஷியும், அவ்வாண்டு டிசம்பரில் அரவிந்தரும் மறைந்தனர். இருவர் வாழ்நாளும் முடிவெய்தும் தறுவாயில் நிகழ்ந்த அக்காட்சியின் விளைவு அமெரிக்காவின் மேல்கரையில் தோன்றலாயிற்று.

1951-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் அமெரிக்க ஆசியவியற் கழகம் என்னும் கல்வி நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் பாடங்களை நடத்தும் பொறுப்பு ஸ்பீகல்பெர்க்கிடம் இருந்தது. ஆலன் வாட்ஸ் என்பவரும் அங்கு ஆசிரியராயினார். இந்தியத் தத்துவம் கற்பிக்கத் தக்கவர் ஒருவர் வேண்டுமென ஸ்பீகல்பெர்க் வேண்ட, அரவிந்தரால் பரிந்துரைக்கப்பெற்றவர் வங்க நாட்டுக் கிருஷ்ணநகர்க் கல்லூரியில் தத்துவம் கற்பித்துவந்த ஹரிதாஸ் சௌத்ரி. 1951-இல் சான்பிரான்சிஸ்கோ சேர்ந்த அவர், மனைவியார் பீனா அம்மையாரோடு அவ்வாண்டே பண்பாட்டு ஒருமைப்பாட்டுச் சங்கம் ஒன்றையும் நிறுவினார். ஆசியவியற் கழகம் பொருள் முட்டுப்பாட்டால் நலிந்து மறைந்தது. சங்கமோ நிலைத்து நின்றது.

ஸ்பீகல்பெர்க் ஸ்டான்போர்டில் நிகழ்த்திய உரைகளைக் கேட்ட மாணவருள் மைக்கேல் மர்பி என்பவர் ஒருவர். அவ்வுரைகளால் ஈர்க்கப்பட்டு அரவிந்தரின் நூல்களைக் கற்று, 1956-இல் புதுச்சேரி வந்து ஆசிரமத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். நாடு திரும்பியபின், சௌத்ரியின் சங்க இல்லத்தில் ரிச்சர்டு பிரைஸ் என்பவரோடு நட்புற்றார். பிரைஸ் மனநோய் மருத்துவமனையில் அடைபட்டுத் துன்புற்று மீண்டவர். 1962-இல் இவ்விருவரும் கலிபோர்னியாக் கடற்கரையில் எசலன் என்னும் நிலையத்தை ஏற்படுத்தினர். ஆன்மிகமும் உளநூலும் அங்கு ஒருங்கே பயிலப்பட்டன. ஆயினும் அஃது எவருக்கும் பட்டம் வழங்கியதன்று. வந்தவர் சில நாள் தங்கிப் பயின்று மீள்வர்.

5. மாஸ்லோவும் அவர் விடுத்த எச்சரிக்கையும்

பட்டக் கல்விக்கு வேண்டிய கருத்து அடிப்படையை அமைத்தவர் ஆபிரகாம் மாஸ்லோ. பசி தணிதல், அச்சமின்மை, அன்பு, மதிப்பு என மக்களின் தேவைகள் படிப்படியாக உயர்ந்து, முடிவில் ஒருவன் தன்பால் அடங்கியுள்ள ஆற்றல் முற்றும் மலரப்பெறுதலை நாடுகின்றான் என்பதை 1943-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் விளக்கினார். நோயுற்றாரையே ஆராய்ந்துவந்த உளநூல், நலமுற்றுச் சிறந்தாரையும் ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அத்தகையோர் வாழ்வில் இடையிடையே நிகழும் பேரின்ப நிலைகளை 'உச்ச அனுபவம்' எனப் பெயரிட்டு, 1964-இல் அது குறித்து நூல் இயற்றினார். 1968-இல் அமெரிக்க உளநூற் கழகத்தின் தலைமைப் பதவியும் அவரிடம் இருந்தது.

மாஸ்லோவின் உழைப்புக்கு உறுதுணையாய் நின்றவர் அந்தோணி சூட்டிச். இளமையிலேயே கீல்வாத நோயால் உடல் முடங்கிய இவர், படுத்த படுக்கையில் இருந்தவாறே பிறர்க்கு உள்ளத் துணைவராய்ப் பணிபுரிந்தார். 1961-இல் மானிட உளநூல் இதழையும், 1969-இல் ஆளுமை கடந்த உளநூல் இதழையும் தொடங்கி நடத்தியவர் இவரே. தனி மனிதன் 'யான்' எனக் கொள்ளும் எல்லைக்கு அப்பாற்பட்ட அனுபவங்களை ஆராய்வது என்பது இரண்டாம் பெயரின் பொருள். இவ்விரண்டு இயக்கங்களும் தோன்றிய வரலாற்றை முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வுரையாக இவர் எழுதியது 1976-இல். அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். வாழ்நாள் முழுதும் செய்த பணிக்கு இறுதியிலேயே பட்டம் வந்தது. அஃது இல்லாத காலத்தும் அவரிடம் துணை நாடி வந்தார்க்குக் குறையொன்றும் இருந்ததில்லை.

மாஸ்லோ 1970-இல் மறைந்தார். அதற்குச் சிறிது முன்னர்த் தம் 1964-ஆம் ஆண்டு நூலின் மறுபதிப்புக்கு வரைந்த முன்னுரையில், தம் கருத்தைப் பின்பற்றுவார்க்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார். உச்ச அனுபவத்தை அதன்பொருட்டே நாடி அலைவோர், உலகத்தையும் அயலாரையும் மறந்து தந்நலமே பேணுவாராய்க் கெடுதல் கூடும். புதுமை, விந்தை, மேலும் மேலும் வன்மையான தூண்டுதல் என்பவற்றைத் தேடும் வேட்கை அவரைப் பற்றிக்கொள்ளும். தூய்மையானது தொலைவில் அன்று, அன்றாட வாழ்விலும் அயலாரிடத்தும் இல்லத்துமே காணத்தக்கது. அதற்கு வாழ்நாள் முழுதும் உழைப்பு வேண்டும். இதுவே அம்முன்னுரையின் சாரம். ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்தவரே அதன் தொடக்கத்தில் அதன் பிழைபடு வழியையும் காட்டிச் சென்றமை அரிதினும் அரிது.

6. பட்டம் நல்கிய நிலையங்கள்

1968-இல் சௌத்ரி தம் சங்கத்தின் கல்விக் கிளையாகக் கலிபோர்னியா ஆசியவியல் நிலையத்தை நிறுவினார். இந்தியத் தத்துவத்தையும் மேனாட்டு உளநூலையும் இணைத்துப் பட்டங்களுக்குப் பயிற்றுவது அதன் நோக்கம். 'முழுமை உளநூல்' என அவர் வழங்கிய கோட்பாட்டின் பெயரை அவருக்கு முன்னரே ஆண்டவர் இந்திர சேனர். அவரும் புதுச்சேரி ஆசிரமத்தில் வாழ்ந்தவரே. சௌத்ரி அக்கோட்பாட்டில் மனிதனிடத்து மூன்று கூறுகளை வகுத்தார். எவரோடும் ஒவ்வாத தனித்தன்மை ஒன்று; உலகோடும் பிறரோடும் கொண்ட தொடர்பு ஒன்று; இவ்விரண்டையும் கடந்து நிற்கும் இயல்பு ஒன்று. இம்மூன்றனுள் ஒன்றை விடுத்து மற்றவற்றை வளர்த்தல் வளர்ச்சியாகாது என்பது அவர் கொள்கை. தன்னை மட்டும் பேணுவோன் தந்நலத்தில் வீழ்வான். உறவில் மட்டும் தோய்வோன் தன்னை இழப்பான். கடந்த நிலையை மட்டும் நாடுவோன் உலகை வெறுப்பான். மாஸ்லோ எச்சரித்த பிழைக்கு இக்கோட்பாட்டிலேயே மருந்து இருத்தல் காணலாம்.

சௌத்ரி 1975-இல் காலமானார். அவர் நிறுவிய நிலையம் 1980-இல் கலிபோர்னியா முழுமைக் கல்வி நிலையம் எனப் பெயர் மாறி, அடுத்த ஆண்டில் அங்கீகாரம் பெற்றது. 1974-இல் திபெத்திய ஆசிரியர் சோக்யம் துருங்பா கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் நாரோபா நிலையத்தைத் தொடங்கினார். நாளந்தாவோடு தொடர்புற்ற 11-ஆம் நூற்றாண்டுப் பௌத்த ஆசிரியர் ஒருவரின் பெயர் அது. தியானப் பயிற்சியும் உளமருத்துவமும் ஒருங்கமைந்த முதுகலைக் கல்வி அங்கு உருவாயிற்று. 1986-இல் அதுவும் அங்கீகாரம் எய்தியது. 1975-இல் ராபர்ட் பிரேகர், ஜேம்ஸ் பேடிமன் ஆகிய இருவரும் கலிபோர்னியாவில் ஆளுமை கடந்த உளநூல் நிலையத்தை நிறுவினர். அஃது 2012-இல் யவன மொழியில் மெய்யறிவைக் குறிக்கும் 'சோபியா' என்னும் பெயரைப் பூண்டது.

இந்நிலையங்கள் எதிர்ப்பட்ட சிக்கல் எளிதன்று. அங்கீகாரம் நல்குவோர், நூலகம், ஆசிரியர் தகுதி, தேர்வுமுறை, ஆய்வுரை என்பனவற்றைக் கேட்பர். மாணவரோ உள்ளத்தின் மாற்றத்தை நாடி வந்தவர். இருசாரார்க்கும் ஒருங்கே இயைதல் எங்ஙனம்? பிரேகர் சப்பானில் அய்கிடோ என்னும் தற்காப்புக் கலையை அதன் முதல்வர் உயெஷிபாவிடமே கற்றவர். ஆதலின் தம் நிலையத்து மாணவர் ஏடு கற்பதோடு அக்கலையையும் உடலாற் பயிலுமாறு விதித்தார். அறிவு, உணர்வு, உடல், ஆன்மிகம், சமுதாய வாழ்வு, படைப்பாற்றல் என்னும் ஆறும் அங்குக் கல்வியின் பகுதிகளாயின. நாரோபாவில் தியானத்தில் அமர்தல் கல்வியின் ஒரு கூறாயிற்று. இவ்வாறு, கற்பவன் தானும் பயிலாது பொருளை அறியான் என்னும் கொள்கை மேனாட்டுப் பட்டக் கல்வியில் நுழைந்தது. வுண்ட் வகுத்த ஆய்வுக்கூடத்தில் ஆராய்வோன் பொருளுக்குப் புறத்தே நின்றான். இங்கோ அவனே ஆராய்ச்சிக்குரிய பொருளாகவும் ஆயினான்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தற்கில்லை. தியானத்தில் அமர்ந்த நாழிகையைக் கணக்கிடலாம். அமர்ந்தவன் உள்ளம் அடங்கியதா என்பதைக் கணக்கிடல் ஆகாது. அய்கிடோப் பயிற்சிக்கு வந்தமையைக் குறிக்கலாம். வந்தவன் செருக்கு அழிந்ததா என்பதைக் குறித்தல் ஆகாது. ஆகவே அளத்தற்கு இயன்றவற்றையே அளந்து பட்டம் வழங்குதல் இங்கும் தவிர்க்கலாகாததாயிற்று. காலம் செல்லச் செல்ல, மாணவர் பலர் உளத்துணைவராகத் தொழில் புரிவதற்கு அரசு வேண்டும் உரிமத்தைக் கருதியே சேர்வாராயினர். அதனால் சட்டம் வேண்டும் பாடங்களும் மேற்பார்வைப் பயிற்சியும் அக்கல்வியிற் பேரிடம் பெற்றன. இதனை வீழ்ச்சி எனச் சிலர் குறை கூறுவர். துயருற்றாரின் உள்ளத்தை ஒருவன் கையில் ஒப்படைக்குமுன், அவன் தீங்கு செய்யாதிருக்கக் கற்றவனா என்று கேட்பது அரசின் கடமையே. ஆதலின் அக்குறை முற்றும் பொருந்துவதன்று.

7. நோயும் நிலையும்

இக்கல்வியால் விளைந்த நன்மையுள் ஒன்று தெளிவாகச் சுட்டத்தக்கது. எசலன் நிலையத்தில் இருந்த கிறிஸ்டினா குரோப் என்பவர், யோகப் பயிற்சியின் இடையே கட்டுக்கடங்காத உடல், உள்ள மாற்றங்களை எய்தித் துன்புற்றவர். இத்தகையாருக்கு உதவும் பொருட்டு 1980-இல் ஒரு துணைச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். அவரும் அவர் கணவராகிய மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் குரோப்பும், ஆன்மிக வளர்ச்சியிற் சில வேளைகளில் நேரும் நெருக்கடியை நோயினின்று பிரித்தறிதல் வேண்டும் என வற்புறுத்தினர்.

இக்கருத்தின் வழிவந்த டேவிட் லூகாப், பிரான்சிஸ் லூ, ராபர்ட் டர்னர் ஆகிய மூவர் முயற்சியால், 1994-இல் அமெரிக்க மனநோய் மருத்துவக் கழகம் வெளியிட்ட நோய்வகைத் தொகுப்பின் நான்காம் பதிப்பில், 'சமயம் அல்லது ஆன்மிகம் பற்றிய சிக்கல்' என்னும் தலைப்பு இடம்பெற்றது. நோயென்று கொள்ளப்படாது, மருத்துவர் கருதவேண்டிய நிலையென்று வகுக்கப்பட்ட பகுதியில் அது வைக்கப்பெற்றது. நம்பிக்கை தளர்ந்து கலங்குவோனையும், தியானத்தில் எழுந்த அனுபவத்தால் திகைப்போனையும் பித்தரென்று தள்ளிவிடாது, பொறுமையுடன் கேட்டறிதற்கு மருத்துவர்க்கு இதனால் வழி பிறந்தது. 1920-இல் பாய்சன் மருத்துவமனையிற் கிடந்து எழுப்பிய வினாவுக்கு எழுபத்துநான்கு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை இது. எல்லாக் கலக்கத்தையும் ஞானமெனக் கொள்ளுதலும், எல்லா ஞானத்தையும் கலக்கமெனக் கொள்ளுதலும் ஒருங்கே பிழை. அவ்விரண்டையும் வேறு தெரிந்து துணை செய்வோரைப் பயிற்றுதல் ஒரு கல்வி நிலையத்தால் இயல்வதும், அது செய்யத்தக்கதும் ஆகும்.

8. முடிபு

சைவ நூலார் கல்வியின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்காக வகுப்பர். மேற்கூறிய வரலாற்றை அவ்வளவையால் நோக்கின், பட்டக் கல்வியின் எல்லை விளங்கும். கேட்டலைப் பல்கலைக்கழகம் நன்கு நடத்தும். சிந்தித்தலைத் தூண்டுதலும், அதன் பயனை ஆய்வுரையில் அளத்தலும் அதற்கு இயலும். தெளிதல் மாணவனுள்ளே நிகழ்வது. ஆசிரியர் அதற்கு இடம் அமைத்துத் தரலாம், நிகழ்ந்தமைக்குச் சான்று பகர்தல் அரிது. நிட்டையோ எந்த நிலையத்தின் ஏட்டிலும் பதியப்படுவதன்று. முதல் இரண்டற்கும் உரிய பட்டத்தைப் பின் இரண்டற்கும் உரியதாகக் கொள்ளுதலே இத்துறையில் நேரக்கூடிய பெரும் பிழை. அதனைப் பெற்றவன் அங்ஙனம் கொள்வானாயின் செருக்குறுவான். அவனை நாடிவந்தவன் அங்ஙனம் கொள்வானாயின் ஏமாற்றமுறுவான்.

அப்பிழையினின்று தப்பியவர் இவ்வரலாற்றில் இல்லாமலில்லை. தமக்கு எட்டாததை எட்டாதது என்றே கூறிய ஜேம்ஸும், தம் துன்பத்தையே பாடமாக்கிப் பிறர் துயரத்தின் அருகே மாணவரை நிறுத்திய பாய்சனும், தம் கருத்தின் பிழைபடு வழியைத் தாமே சுட்டிய மாஸ்லோவும், தனித்தன்மை, உறவு, கடந்த நிலை என்னும் மூன்றும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்ற சௌத்ரியும், படுக்கையிலிருந்தே பிறர்க்குத் துணைநின்ற சூட்டிச்சும் அத்தகையர். இவர்பால் விளங்குவது அறிவின் பெருக்கம் மட்டுமன்று. அறிவின் எல்லை உணர்ந்த அடக்கமும் ஆகும். உயிரைப் பற்றிய கல்வியைப் பாடமாக வகுப்போரும் பயில்வோரும் அவ்வடக்கத்தை முதற்பாடமாகக் கொள்வாராயின், அப்பட்டம் பக்குவத்துக்கு மாற்றாக அமையாது, அதற்குச் செல்லும் வழியில் ஒரு துணையாக அமையும் என்பது இவ்வரலாற்றால் அறியக் கிடக்கின்றது.